ரெண்டு நாள் ஊறட்டும்

என் சட்டைப் பையில் இப்போதும் ஒரு ஃபீலர் கேஜ் கிடக்கிறது. விரல் நீள உறைக்குள் மெல்லிய எஃகு இதழ்கள் அடுக்கியிருக்கும். விசிறி மாதிரி விரித்தால் ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு கனம். இரண்டு இரும்பு முகங்கள் சேருகிற இடத்தில் எவ்வளவு சந்து இருக்கிறது என்று பார்க்க எங்களைப் போன்ற இன்ஜின் ஆட்கள் வைத்திருப்பது. மேலே, கீழே, இடம், வலம் என்று நாலு பக்கமும் இதழை விட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை நான் ஒருநாள் செலவழிக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியவளிடம் சொல்லாமல், இப்போது முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். வெட்கக்கேடுதான், என்ன செய்ய.

என் மச்சான், அதாவது என் மனைவியின் கூடப்பிறந்த ஒரே தம்பி, கள்ளக்குறிச்சியில் மரச்சிற்ப வேலை செய்தவன். கதவு, வாகனம், சாமி சிலை என்று எல்லாம் செய்வான். தேர் வேலைக்கும் போவான். என்னைவிட எட்டு வயது இளையவன். நான் லாரி, டிராக்டர் இன்ஜின் பிரித்துக் கட்டுகிறவன்; வாய் நீளம். அவனுக்கு வாயே கிடையாது. மரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவான், அதுவும் இரண்டு வார்த்தை. என் மனைவி அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவள். எங்கள் வீட்டில் கறி எடுத்தால் முதல் கிண்ணம் அவனுக்குப் போன பிறகுதான் எனக்கு வரும். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அப்போது நான் கடலூர் துறைமுகத்தில் மீன்பிடி படகுகளுக்கு லாரி இன்ஜின் ஏற்றிக்கொடுக்கும் வேலையும் பார்த்துவந்தேன். அங்கே ஒரு முதலாளி. படகுப் பைத்தியம் என்றே சொல்லலாம். அந்தக் காலத்தில் வெளிநாடுகளில் கரையை விட்டு வெகுதூரம், நடுக்கடலில் பந்தயம் விடுவார்களாம். அந்த மாதிரி ஒரு மரப் படகை, பழைய வரைபடத்தை வைத்து, நம் ஊர் ஆட்களைக் கொண்டே கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஏரியில் ஓடுகிற படகு போலத் தட்டையான அடி இதற்கு ஆகாது. அலையில் ஏறி விழும்போது அடி அறைந்து ஆளின் முதுகு உடைந்துவிடும். இதன் அடிவயிறு மூக்கிலிருந்து பின்கட்டை வரை கத்தி மாதிரி கூராக இறங்கியிருக்க வேண்டும். விழுந்தாலும் தண்ணீரை வெட்டிக்கொண்டு விழும். அந்த வளைவை மரத்தில் கொண்டுவர ஆள் வேண்டும் என்றார். நான் என் மச்சானைச் சொன்னேன். அவன் கடலைப் பார்த்ததே இரண்டு தடவைதான், அதுவும் மாசிமகத்துக்குக் குளிக்கப் போனபோது.

அவன் ஊரைவிட்டு வரமாட்டேன் என்றுவிட்டான். அதனால் கடலுக்கான படகு கள்ளக்குறிச்சியில், ஒரு பழைய நெல் குடோனில் உருவானது. மெல்லிய பலகைச் சீவல்களைக் குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி, கவிழ்த்துவைத்த சட்டத்தின்மேல் அந்த வளைவைக் கொண்டுவந்தான். வரைபடத்தில் உள்ள எண்களை ஒருமுறை பார்ப்பான், பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவான். எங்கே மேடு இருக்கிறதோ அங்கே கை நின்றுவிடும். நான் இரண்டு ஆறு சிலிண்டர் லாரி டீசல் இன்ஜின்களைப் பிரித்து, உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் நல்ல தண்ணீரே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும்படி மாற்றி, டர்போவும் பம்பும் கூட்டிச் சக்தியை ஏற்றினேன். குடோனில் தண்ணீர் டிரம் வைத்து முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது ஓட்டுக் கூரையிலிருந்து புறா எல்லாம் பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்ஜினின் பின்பக்கம் ஒரு வட்ட இரும்பு முகம். தண்ணீருக்குள் புரொப்பெல்லரைச் சுற்றுகிற தண்டின் முன்பக்கம் இன்னொரு வட்ட முகம். இரண்டையும் முகத்தோடு முகம் வைத்துப் போல்ட் போடுவதுதான் கப்ளிங். அதில் மயிரிழை கோணினாலும் தண்டு அடித்துக்கொள்ளும். குடோனிலேயே கேஜை விட்டுப் பார்த்து, சுத்தமாகச் சேர்த்துவைத்தேன். என் மச்சான் பக்கத்தில் குந்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இத்த தண்ணில எறக்கி ரெண்டு நாள் ஊறட்டுங்க. அப்பால இன்னொரு வாட்டி பாருங்க."

"ஏன்டா?"

"தேரு வெள்ளோட்டம் வுட்டுட்டு அப்பிடியே வுட மாட்டோம். அடில பூந்து எல்லா ஆப்பையும் இன்னொரு வாட்டி அடிப்போம். பாரம் ஏறுனாக்கா மரம் வேற மரங்க மாமா. இங்க கட்டை மேல குந்திக்கினு இருக்குது. அங்க தண்ணி தூக்கும்."

"இது தேரு இல்ல மச்சான், போட்டு. வடம் புடிச்சா இழுக்கப் போறோம்?" என்று சிரித்தேன். அங்கிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவன் இழைப்புளியை எடுத்துக்கொண்டு போனான். இதில் கேவலம் என்னவென்றால், அவன் சொன்னது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. மீன்பிடி படகுகளுக்கு நானே தண்ணீரில் இறக்கிய பிறகுதான் கப்ளிங்கைக் கடைசியாகச் சேர்ப்பேன். ஆனால் உளி பிடிக்கிறவன் இன்ஜின்காரனுக்குச் சொல்லிக்கொடுப்பதா என்ற மண்டைக்கனம்.

படகை டிரெய்லரில் ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, தியாகதுருகம் வழியாகக் கடலூருக்குக் கொண்டுபோனோம். டிரெய்லரின் பின்னால் நான்கு பேர் ஏறி நின்று கயிறு பிடித்துக்கொண்டு வந்ததால் வழியில் எல்லோரும் சாமி என்றே நினைத்தார்கள். தியாகதுருகம் கடைத்தெருவில் ஒரு அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி, "இன்னா சாமிங்க உள்ள?" என்று கேட்டுக் கற்பூரம் கொளுத்தினார். என் மச்சான் டிரெய்லரைவிட்டு இறங்கி, அந்த அம்மா கொடுத்த திருநீற்றை வாங்கிப் படகின் மூக்கில் பூசினான். அன்று அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

காலையில் படகைத் தண்ணீரில் இறக்கினோம். முதலாளி விருந்தாளிகளை அழைத்திருந்தார், ஷாமியானா போட்டு நாற்காலி எல்லாம் போட்டிருந்தது. "என்னப்பா, ரெடியா? இல்ல, நாளைக்கு வெச்சுக்கலாமா?" என்று அவரே கேட்டார். ஐயோ, அவரே கேட்டார்! அத்தனை பேர் முன்னால் "நாளைக்கு" என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. என் இன்ஜின் சத்தத்தை அவர்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான் மனதில். "ரெடிங்க" என்றேன். படியில் நின்றிருந்த என் மச்சான் என் சட்டைப் பையைப் பார்த்தான். கேஜ் அங்கேதான் இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த மாதிரிப் படகில் ஒருவர் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும், இன்னொருவர் இன்ஜினின் வேகக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். அலைமேல் ஏறிப் படகு அந்தரத்தில் நிற்கும் அந்த நொடியில் கைப்பிடியை இழுத்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கிடைக்காத புரொப்பெல்லர் வெறிகொண்டு சுற்றும். முதலாளி ஸ்டீயரிங், நான் கைப்பிடி. முகத்துவாரம் தாண்டியதும் படகு பறந்தது. பொய் சொல்லவில்லை, அவன் செய்த அடிவயிறு ஒவ்வொரு அலையையும் வெண்ணெய் மாதிரி வெட்டியது. பத்தாவது அலையோ பதினோராவதோ, காலுக்குக் கீழே ஒரு நடுக்கம் வந்தது. அது என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது. அப்போதாவது கைப்பிடியை இழுத்திருக்கலாம். இன்னும் ஒரு அலை, இன்னும் ஒரு அலை என்று விட்டேன். வலதுபக்கக் கப்ளிங் போல்ட்டுகள் அறுந்தன. தண்டு சாட்டை மாதிரி அடித்து, அது வெளியே போகிற குழாயைப் பெயர்த்து, பின்பக்கப் பலகையைக் கிழித்தது. மீன்பிடி படகு ஒன்று வந்து எங்களை அள்ளிக்கொண்டது. எங்கள் படகு மணல்திட்டில் மோதி, அலையில் இரண்டாகப் போனது.

மறுநாள் உடைந்த பின்பகுதியைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். முதலாளி பிளந்த பலகையை எடுத்து, "ஒட்டு விட்டிருக்கு பாருங்க. சிலை செய்யறவனை வெச்சுப் படகு கட்டினா இப்படித்தான்" என்றார். பிறகு என் மச்சானைப் பார்த்து, "மரம்தானே போச்சு?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்க. மரந்தாங்க போச்சு" என்றான்.

அக்காவின் புருஷனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தான். நான் அதையும் வாங்கிக்கொண்டேன். கப்ளிங்கின் ஒரு பக்கம் மட்டும் உராய்ந்து பளபளவென்று மின்னியது. தெரிந்தவன் எவன் பார்த்தாலும் கோணல் என்று சொல்லிவிடுவான். அதைக் கழற்றி நானே பழைய இரும்புக் குவியலில் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள். அதற்குள் செய்தி வந்திருந்தது. "கூடப் பொறந்தவனே என் தாலிக்கு வெனை வெச்சிட்டானே. ஒழுங்கா ஒட்டத் தெரியலன்னா இன்னாத்துக்கு ஒத்துக்கினான்? இனி என் வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது அவன்" என்றாள். நான் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வாய்க்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு சாப்பிட்டு முடித்ததும் என்று நினைத்தேன். கை கழுவியதும், விடிந்ததும், பொங்கல் கழிந்ததும். பன்னிரண்டு வருடம் அப்படியே போனது.

ஊரில் அவனுக்குப் "போட்டு முழுக்கி", அதாவது படகை மூழ்கடித்தவன், என்று பேர் வைத்தார்கள். தேர் வேலைக்குக் கூப்பிடுவது நின்றது. அவன் மலைக்குப் போய் வெள்ளிமலையில் ஜீப்புக்குக் கூண்டு கட்டினான், பிறகு கரியாலூர் படகுத்துறையில் சுற்றுலாப் படகுகளைச் செப்பனிடும் வேலையில் ஒட்டிக்கொண்டான். என் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் என் மனைவியின் பெரியப்பா மகனை நிற்கவைத்தோம். அவனுக்குப் பத்திரிகைகூட வைக்கவில்லை. மாலை போடும் நேரத்தில் என் மனைவி மண்டப வாசலையே பார்த்தாள். எதற்குப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். பந்தியைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

போன ஐப்பசியில் அவள் இறந்தாள். பிறந்த வீட்டுக் கோடியோடு அவன் வந்தான். புடவையை அவள்மேல் போர்த்தி, நெற்றியில் கை வைத்து ஒரு நிமிடம் நின்றான், மரத்தைத் தடவுவானே, அதே மாதிரி. என்னிடம் பேசவில்லை. சுடுகாட்டிலிருந்து அப்படியே மலை பஸ் பிடித்துப் போய்விட்டான்.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்துக் கரியாலூர் போனேன். படகுத்துறையில் புதிதாகப் பலகை மாற்றிய ஒரு படகு ஆள் ஏறாமல் கரையோரம் கட்டிக் கிடந்தது. ஏன் சும்மா நிற்கிறது என்று டிக்கெட் கொடுக்கிற பையனைக் கேட்டேன். "ரெண்டு நாள் ஊறட்டும்னு மேஸ்திரி சொல்லிக்கிறாருங்க. அவுரு அப்பிடித்தான்" என்றான்.

மச்சான் அந்தப் பக்கம், பாசி வாருகிற ஒரு மரப் படகில் பம்புசெட் இன்ஜினை வைத்து அல்லாடிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. "வாங்க மாமா" என்றான். உட்காருவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டினேன். கேஜ், கப்ளிங், பழைய இரும்பு, எல்லாம். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

"எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே" என்றான். துணியில் கையைத் துடைத்தான். "அக்காக்குத் தெரியுமா?"

"இல்ல."

"ஒரு வாட்டி கூட சொல்லலியா?"

"சொல்லலடா."

துணியை உதறி மடித்து வைத்தான். "நீங்களே சொல்லுவீங்கன்னுதாங்க நான் சொல்லல" என்றான். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். செருப்பைக் கழற்றி அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவன் இன்ஜின் பக்கம் திரும்பி, "இத்த எறக்கி ரெண்டு நாளாச்சு. கேஜு இருக்குதா?" என்று கேட்டான்.

பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை. "நீங்களே பாருங்க" என்றான்.

படகில் இறங்கி மண்டியிட்டேன். மேலே விட்டேன், கீழே விட்டேன், இடம், வலம். கீழே கொஞ்சம் சந்து அதிகம். இன்ஜின் காலுக்கு அடியில் தகடு வைத்து, திரும்பவும் நாலு பக்கமும் பார்த்தேன். இதழ் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உள்ளே போய் வந்தது. நிமிர்ந்தபோது படகுத்துறைக் கடிகாரம் கண்ணில் பட்டது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.