புல் கூழும் மஞ்சள் துணியும்

புல்லைக் காகிதமாக்குவதில் வேகவைப்பதைவிடக் கழுவுவதுதான் பெரிய வேலை. கைக்குழந்தையோடு வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் பட்ட பயம் சொல்லாமலே புரியும்.

ஏர்பேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கொட்டகை. காகிதத்துக்குக் கந்தல் துணி கிடைக்காததால் மலையடிவாரத்துப் புல்லை வெட்டிவந்து காஸ்டிக் சோடாவில் வேகவைத்தோம். பட்டால் தோலையே அரித்துவிடும். கணவர் சென்னையில் வேலை தேடிக்கொண்டிருந்தார். பத்து மாதப் பெண்ணை விட்டுவர ஆளில்லை. வெளியே வேப்பமரத்தில் தூளி கட்ட அனுமதித்த மேனேஜர் சொன்னார்: "கொட்டகைக்குள்ள பாப்பாவைப் பாத்தேன்னா அன்னிக்கே உன் வேலை போச்சும்மா!"

அஞ்சறைப் பெட்டி

கூழில் சோடா மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. லிட்மஸ் தாள் தீர்ந்துவிட்டது. ஆந்திரத் தலைநகர் கர்நூலுக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தோம். சோடா பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் செய்துகாட்டியது நினைவு வந்தது. மஞ்சள் தோய்த்த துணியைக் கூழில் ஒற்றினேன். சிவந்தது. மறுபடி கழுவினோம்.

புல் வேகவைக்கும் முனியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "இங்கிலீசு படிச்சி, கடைசியில எங்கூட்டு அஞ்சறைப் பெட்டிக்குத்தான் வந்து நின்னியா?"

மனு

பாலசமுத்திரத்து விவசாயி ஒருவர் வந்தார். மாநிலம் பிரித்தபோது ஆந்திராவுக்குப் போன தன் ஊரை மெட்ராஸ் பக்கம் சேர்க்கச் சொல்லி மனு எழுதத் தாள் வேண்டுமாம். பழுப்புத் தாளைத் தடவினார், முகர்ந்தார்.

"புல்லா? சரி குடு. ஆனா மெட்ராஸ் போய்ச் சேர்ற வரிக்கும் மாடு கண்ணுல படாம பாத்துக்கணும், துன்னுட்டா எங்க ஊரு எந்தப் பக்கமும் இல்ல!"

உள்ளங்கை

ஒருநாள் துணி சிவக்கவில்லை. கூழ் சுத்தம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தால் தூளி காலி. உள்ளே ஓடினேன். தாழக் கட்டிய தூளியிலிருந்து இறங்கித் தவழ்ந்து வந்து, கூழ்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையில் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிய அவள் உள்ளங்கை சிவந்திருந்தது. ரத்தமென்று நினைத்துக் கையைப் பிடித்தேன். விரலைப் பிரித்தால் ஒரு கூழ் உருண்டை. உருண்டையின் நடுவில் சோடா அப்படியே நின்றிருக்கிறது. நான் மேலாக மட்டும் ஒற்றிப் பார்த்திருக்கிறேன்.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். தோல் போகவில்லை. சத்தம் கேட்டு மேனேஜர் வந்து நின்றார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் உருண்டையைப் பிய்த்துப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். "ஏமம்மா, நீ பாஸ் பண்ண கூழை உன் பொண்ணு ஃபெயில் பண்ணிட்டா. தூளியை என் ரூம்ல கட்டு. தொட்டி மொத்தம் இன்னொரு தபா கழுவு."

அந்தக் கூழில் செய்த தாளில்தான் இதை எழுதுகிறேன்; நான்கு தரம் கழுவிய கூழ்தான், இருந்தாலும் மஞ்சள் துணியால் இருபக்கமும் ஒற்றிப் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.