வெனிலாவின் மேல் பூத்த வெள்ளை

1. பெட்டி

தகரப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வெள்ளை பூத்திருந்தது.

ராயபுரத்தில், துறைமுக மதிலுக்கு எதிரே இருந்த கிடங்கில் நான் டாலி கிளார்க். இறங்கிய சரக்கை எண்ண வேண்டும், ஈரம் பார்க்க வேண்டும், கெட்டிருந்தால் டேமேஜ் ரிப்போர்ட் எழுத வேண்டும். உலகச் சண்டை முடிந்தும் அரிசி ரேஷனிலேயே இருந்த காலம். கருவாடும் கரிப்புகையும் மணந்த அந்தத் தெருவுக்கு, சீஷெல்ஸ் தீவிலிருந்து வெனிலா வந்தது. மரப்பெட்டிக்குள் தகரப் பெட்டி, அதற்குள் மெழுகுக் காகிதம், அதற்குள் நாரால் கட்டிய கறுப்புக் காய்கள். பார்த்தால் காய்ந்த அவரைதான், ஆனால் எண்ணெய் தேய்த்த பாம்புக்குட்டி மாதிரி மினுக்கும். திருவொற்றியூரில் ஒரு எசென்ஸ் கம்பெனிக்காரர் எடுத்துப்போகும் வரை எங்கள் பொறுப்பு.

நடுவில் மழைக்காலம் வந்தது. பெட்டி இருந்த மூலைக்கு மேலே ஓடு உடைந்திருந்தது. கிடங்கைப் பெருக்கி, சரக்கைப் புரட்டி அடுக்கும் அஞ்சலை அதை இரண்டு முறை சொல்லியிருந்தாள். "சார், மேல ஓடு ஒடஞ்சிக்கினு கீது. மய பெஞ்சா ஊத்தும்." "பார்க்கலாம்" என்றேன். பார்க்கவில்லை.

அதனால்தான் அந்த வெள்ளையைக் கண்டதும் நிமிர்ந்து அந்த உடைந்த ஓட்டைப் பார்த்தேன். பூஞ்சை. என் சோம்பல் பூத்த பூஞ்சை.

2. பூவுக்குக் கண்ணாலம்

பின்னால் நின்று எட்டிப் பார்த்த அஞ்சலை சிரித்தாள்.

"இன்னா சார், பேய் அறஞ்சாப்ல நிக்கிறே? நல்ல காயி சார். பூத்துக்கினு கீது."

"பூஞ்சை பிடிச்சிருக்கு, உனக்குச் சிரிப்பா?"

"பூஞ்சையா? வெய்யில்ல வெச்சிப் பாரு. ஊசி ஊசியா மின்னும். பூஞ்சை எங்கனா மின்னுமா?"

காத்திவாக்கத்துக்காரி. சின்ன வயதில் அப்பன் அவளைத் தூக்கிக்கொண்டு கப்பலேறியதும், கல்யாணம் வரை அதே சீஷெல்ஸ் தீவில் வெனிலாத் தோட்ட வேலை பார்த்ததும் அன்றுதான் எனக்குத் தெரியும். வெனிலாப் பூ விடியலில் மலர்ந்து மதியத்துக்குள் வாடிவிடுமாம். மகரந்தம் சேர்க்க அங்கே பூச்சி கிடையாது. முள்ளால் பூவின் நாக்கைத் தூக்கி, கட்டைவிரலால் ஒரு அழுத்து. அப்புறம்தான் காய்.

"பூவுக்குக் கண்ணாலம் பண்ணி வெச்ச கை சார் இது. ஒரு காலைல ஆயிரம் பூ. காய வெந்நீர்ல போட்டு, கம்பளில சுத்தி, மாசக்கணக்கா பொட்டில தூங்க வெப்போம். ரொம்ப ஒசத்திக் காயிதான் தானா வெள்ளை கக்கும். அத்த தொட வுட மாட்டான் தொர."

துடைப்பம் பிடித்த கை எனக்குப் பாடம் எடுக்கிறதா என்று இருந்தது. இருந்தாலும் வெயிலில் வைத்துப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? வாசலில் வெயில் இருந்தது. வாசலில் முதலாளியும் இருந்தார்.

3. நைனா

அவரே உள்ளே வந்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர்.

"என்னவே இது? எப்பிடி ஈரம் ஏறுச்சு?"

என் நாக்கு என்னைக் கேட்கவில்லை. "அஞ்சலைதான் சார், உடைஞ்ச ஓட்டுக்கு அடியில கொண்டுபோய் வெச்சிருக்கா."

அதுவரை என்னை சார் என்று கூப்பிட்டவள் திரும்பிப் பார்த்தாள். "நைனா, நீ சொன்ன எடத்துலதான வெச்சேன்?"

நான் மெழுகுக் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

"நாளையிலருந்து வரப்படாது" என்றார் முதலாளி.

அவள் கெஞ்சவில்லை. "என்னிய வெரட்டிக்கோ மொதலாளி. அந்த வெள்ளைய மட்டும் தொடைக்காத."

அவள் தெருமுனை தாண்டும் முன்பே நான் துணியை ஸ்பிரிட்டில் நனைத்துவிட்டேன். ஒவ்வொரு காயாகத் துடைத்தேன். வெள்ளை போகப் போக வாசனை என் சட்டைக்கு ஏறியது. எல்லாம் முடிந்து பெட்டியைத் தூக்கும்போதுதான் அடிப்பலகையில் கை பட்டது. சுக்காகக் காய்ந்திருந்தது. ஒரு சொட்டுகூட இறங்கியிருக்கவில்லை.

4. ரிப்போர்ட்

எசென்ஸ் கம்பெனி கெமிஸ்ட் வந்து ஒரு காயை எடுத்தார். முகர்ந்தார். கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"இதை யாரு தொடச்சது? முதல் தரம்னு எழுதி வந்த சரக்கு. காயோட சத்தே வெளிய வந்து உறைஞ்சிருக்கிற அந்த வெள்ளைப் பனியைத்தானே நான் தேடி வந்தேன்?"

எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று போய்விட்டார். முதலாளி துடைத்த காய் ஒன்றை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"அந்தப் பொம்பளை சொன்னாள்லவே."

"ஆமா சார்."

"சரி, போனவ போனவளாவே இருக்கட்டும். அவ தொடச்சிட்டான்னு ரிப்போர்ட்டுல எழுதும்."

எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

5. காத்திவாக்கம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தேடிப் போனேன். முழங்கால் தண்ணீரில், உப்பங்கழியில் குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்தாள். ஆயிரம் பூவைத் தொட்ட கட்டைவிரல் சேற்றுக்குள் இருந்தது. நிமிர்ந்தவள் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை.

"வெய்யில்ல வெச்சியா? மின்னிச்சா?"

"தொடச்சிட்டேன், அஞ்சலை."

அவள் முகம் சுருங்கியது. வேலை போன அன்றுகூட அப்படிச் சுருங்கவில்லை. "அத்தப் போயி தொடச்சியே, நைனா" என்று திரும்பக் குனிந்துகொண்டாள். ரிப்போர்ட்டில் அவள் பெயர் இருப்பதைச் சொல்லத்தான் போனேன். சொல்லவில்லை. ரொட்டி வண்டி தெருவில் போய் வெனிலா வாசனை வரும்போதெல்லாம் இன்றைக்கும் நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

கிடங்கு வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். சரக்கில் வெள்ளை கண்டால் முதலில் அடிப்பலகையைத் தொடுங்கள். பிறகு வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடியுங்கள். வாசலில் யார் நின்றாலும் சரி. பேனாவை எடுப்பது அதற்கு அப்புறம்.

உடைந்த ஓட்டை அந்த வாரமே மாற்றினார்கள். அடுத்த வருடம் என்னை ஹெட் கிளார்க் ஆக்கினார்கள்.