நீர்மூழ்கியில் ஒரு கைதி

லண்டன் கிங்ஸ்பரியில் பாலாம்பிகையைப் பார்த்து வாய்க்குள் சிரித்தவர்கள் உண்டு. நாற்பத்தெட்டு வருடமாகப் புருஷன் முகம் காணாதவளுக்கு இவ்வளவு பெரிய பொட்டா என்று. சிரித்தவர்கள் வாயில் மண். அவள் கணவர் சபாரத்தினம் 1944இல் கொச்சியிலிருந்து கூரை ஓடு ஏற்றிய பாய்க்கப்பலைச் செலுத்தி வந்தவர். கப்பல் வல்வெட்டித்துறைக்கு வந்து சேரவில்லை. மகன் குகதாசன் அப்போது வயிற்றில். செத்த நாள் தெரியாமல் பொட்டழிக்க மாட்டேன் என்றவள், லண்டன் வந்தும் மசியவில்லை.

குகதாசன் கவுன்சிலில் கிளார்க். உலகத்தில் நடந்த எல்லாவற்றுக்கும் எங்கோ ஒரு ஃபைல் இருக்கும் என்று நம்புகிற ஆள். 1992 வசந்தத்தில் லீவு போட்டு, கியூவிலுள்ள அரசு ஆவணக் காப்பகத்தில், போர்க்காலத்தில் அந்தக் கடலில் திரிந்த ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் துருவினான். ஒன்றின் வரலாறு முழுதாக அகப்பட்டது: கடலில் இறக்கிய நாள், மூன்று பயணங்கள், மூழ்கடித்த கப்பல்கள். கடைசிப் பயணத்தில் அது அனுப்பிய செய்தியை பிரிட்டிஷ்காரர் ஒட்டுக்கேட்டு எழுதியிருந்தார்கள். ஓடு ஏற்றிய பாய்க்கப்பல், பீரங்கியால் மூழ்கடித்தது. கைதி ஒருவர், கப்பல் தலைவன், உள்ளே.

அப்பா அன்று சாகவில்லை! அடுத்த தாளைப் புரட்டாமல் இருந்திருக்கலாம். பதினொரு நாளில் நீர்மூழ்கி பேச்சுமூச்சற்றுப் போயிற்று. எப்படி மூழ்கியதென்று ஒருவருக்கும் தெரியாது. இறந்தவர்களாக ஐம்பத்துநான்கு பெயர்கள், அத்தனையும் ஜெர்மன் பெயர்கள்.

வீட்டில் பாதியைத்தான் சொன்னான்.

"அப்பாவை ஜெர்மன்காரர் உயிரோட தங்கட நீர்மூழ்கிக் கப்பல்ல ஏத்தினவங்களாம்."

"நான் சொன்னனான்தானே! பிறகு?"

"பிறகு ஒண்டும் எழுதேல்லை."

அன்றிலிருந்து கதவு மணி அடித்தால் முதலில் ஓடுவது அவள்தான்.

ஆடி அமாவாசை வந்தது. தகப்பனை இழந்த பிள்ளைகள் விரதமிருக்கும் நாள். அவள் அவனை ஒருநாளும் இருக்கவிட்டதில்லை. இம்முறை அவனுக்கு மனம் கேட்கவில்லை. வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மனோர் பார்க் முருகன் கோயிலில் மோட்ச அருச்சனை செய்ய நினைத்திருந்தான். காலையில் தாய் புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தாள்.

"வேண்டாம் அம்மா, பசிக்கேல்லை."

"தேத்தண்ணியாவது குடி."

"பிறகு."

அவள் சுவர்க் கலண்டரைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"குகன், அப்பாவை ஏத்தின கப்பல் திரும்பி மேல வந்ததோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"எத்தினை நாள் உள்ளுக்கு இருந்தவர்?"

"பதினொரு நாள்."

பாலாம்பிகை கதிரையில் உட்கார்ந்தாள். அவள் அழுது அவன் கண்டதில்லை, அன்று கண்டான்.

"அவருக்கு அவங்கட பாஷை தெரியாதே," என்றாள். "பதினொரு நாளும் ஆரோட கதைச்சிருப்பார்?"