காலி அறையின் பத்து வினாடி

"ஆளே இல்லாத ரூமை எதுக்கு ரெக்கார்ட் பண்ற? காத்தைப் பிடிச்சு டப்பால அடைக்கிறியா?"

அண்ணன் கேட்டபோது நானும் சிரித்தேன். நம்புகிறவர்கள் நம்பட்டும். இது பட்டப்பகலில், எங்கள் வீட்டில், எனக்கு நடந்தது.

அப்பாவின் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. அம்மா இல்லாத வீடு. பள்ளியை விட்டு வீட்டோடு இருந்தவள் நான்தான். தினமும் மதியம் மூன்று மணிக்கு அவர் மூச்சைப் பதிவு செய்து டாக்டருக்கு அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் அந்த ஒலியைப் படமாக வரையும். கனத்த சத்தம் கீழே, கீச்சென்ற சத்தம் மேலே. மின்விசிறியின் உறுமல் அடியில் நேர்கோடாக ஓடும். அப்பாவின் மூச்சு அதற்கு மேல் புகை மாதிரி எழுந்து எழுந்து அடங்கும்.

மின்விசிறிச் சத்தம் மூச்சை மறைக்கக் கூடாது. அதனால் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முதல் நாளே காலியாக இருந்த அவர் அறையைப் பத்து வினாடி பதிவு செய்து வைத்திருந்தேன். அதில் என்னென்ன சத்தம் இருக்கிறதோ, அதையெல்லாம் மென்பொருள் தினசரிப் பதிவிலிருந்து நீக்கிவிடும்.

இருபது நாள் அப்படியே போனது. அப்பாவின் மூச்சு மட்டும் மெலிந்துகொண்டே வந்தது.

இருபத்தோராம் நாள், மணி 3:10. நான்தான் ஏதோ தப்பு செய்கிறேனோ என்று அந்தக் காலி அறைப் பதிவைத் திறந்தேன்.

அடியில் மின்விசிறியின் கோடு. அதற்கு மேல்... புகை.

எழுந்தது. அடங்கியது. மறுபடி எழுந்தது.

ஹெட்போனை மாட்டினேன். ஹ்ஹா... ஹ்ஹா...

ஆளில்லாத அறையில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். இருபது நாளாக அதை நானே அழித்து அழித்து அனுப்பியிருக்கிறேன்.

எதையும் நீக்காமல் பழைய பதிவுகளை வரிசையாகத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு மூச்சு. அப்பாவிடம் எவ்வளவு குறைந்ததோ, மற்றதில் அவ்வளவு கூடியிருந்தது.

அண்ணனைக் கூப்பிட்டேன். கேட்டான். சிரிக்கவில்லை.

"அப்பாவை ஹாலுக்கு மாத்திடலாம்."

"முதல்ல ஹாலைப் பதிவு பண்ணிப் பாத்துடலாம்ணா."

3:25. ஹாலில் மைக்கை வைத்து, நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

இருந்தது.

அடுப்படி. 3:31. இருந்தது.

மாடி அறை. 3:38. படியேற முடியாத அப்பா அங்கே போய் இரண்டு வருடம்...

அங்கேயும்.

நான்கு மணிக்கு ஊசி போட நர்ஸக்கா வந்தார்.

"என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

அவர் அப்பாவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இடம் மாற்றினார். திரும்பவும் மாற்றினார். பிறகு அதைக் கழற்றி என் காதில் மாட்டினார்.

அப்பாவின் நெஞ்சு என் கண்ணெதிரே ஏறி இறங்கியது.

உள்ளே சத்தமே இல்லை. மூச்சு இல்லை. துடிப்பும் இல்லை.

"கொஞ்சம் தண்ணி தாம்மா," என்றார் அப்பா.

நர்ஸக்கா பையை எடுத்தார். ஊசி போடாமலே வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.