பதினைந்து நாளைக்கு ஒரு மக் தண்ணீர்

பூச்செடி வளர்க்க எனக்குப் பொறுமை கிடையாது. இரண்டு நாள் பூக்கும், மூன்றாம் நாள் உதிரும், தினமும் தண்ணீர் கேட்டு நச்சரிக்கும். எனக்கு இலைதான். மஞ்சள் கரை வைத்த ஆனைக்கற்றாழை, வரிவரியாய் விறைத்து நிற்கும் மருள், கத்தியை நட்டு வைத்தது போல யூக்கா. எண்ணூர் வெயிலும் உப்புக்காற்றும் அவற்றை ஒன்றும் செய்யாது.

எல்லாத் தொட்டிகளும் மொட்டைமாடியில். கீழே வாடகைக்கு நான், முதல் மாடியில் வீட்டுக்காரம்மா. முதல் தொட்டியை ஏற்றிய அன்றே கறாராகச் சொல்லிவிட்டார்.

"இத பாரும்மா, என் தலைக்கு மேல ஒயுவுச்சின்னா, அன்னிக்கே அல்லாத்தையும் தூக்கிக் கடாசிடுவேன்."

"பதினஞ்சு நாளைக்கு ஒரு மக் தண்ணி போதும்க்கா" என்றேன். பாதி ஆற்றுமணல், செங்கல் சல்லி, கைப்பிடி தொழுவுரம். என் பக்குவம் நான்கு வருடமாகத் தப்பியதில்லை. இலைமேல் படியும் அனல்மின் நிலையச் சாம்பலை ஞாயிற்றுக்கிழமைகளில் துடைப்பதுதான் ஒரே வேலை.

போன மாதம் தங்கையின் பிரசவத்துக்காகக் கொடுங்கையூரில் பத்து நாள் தங்கினேன். செடிகளைப் பற்றிக் கவலையே படவில்லை. திரும்பி வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, வீட்டுக்காரம்மா படியிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்.

"வா ராசாத்தி, வா! என் வூட்டு லட்சணத்த வந்து பாரு. மேல பூரா ஊறிக்கினு கீது. சாயங்காலத்துக்குள்ள மாடில ஒரு தொட்டி இருக்கக் கூடாது, சொல்ட்டேன்."

அவர் ஹால் கூரையில் முறம் அகலத்துக்கு ஈரம். நான்கு வருட வளர்ப்பு! என் போர்ஷனில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது, எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

"நான் வூட்லயே இல்ல, என் செடி மேல பழி போடாதீங்க!" என்று கத்திவிட்டு மாடிக்கு ஓடினேன். அவரும் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார்.

தொட்டி மண் சொதசொதவென்று இருந்தது. பெரிய ஆனைக்கற்றாழையின் குருத்தைத் தொட்டேன். நாற்றத்தோடு கையில் வந்துவிட்டது. ஆத்திரத்தோடு திரும்பியபோதுதான் கவனித்தேன். கைப்பிடிச் சுவரிலும் துணிக்கொடியிலும் பத்து நாள் சாம்பல். இலைகள் மட்டும் பளபளவென்று இருந்தன. குழாயில் அவருடைய பச்சை ஹோஸ் மாட்டியிருந்தது.

"யக்கா, தண்ணி வுட்டது நீங்களா?"

ஹோஸைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"துணி காயப்போட வந்தேம்மா. அல்லாம் சாம்ப மூடி, செத்த மாரி இருந்திச்சி. பாத்ததுமே எனக்கு மூச்சு முட்டுச்சி. நமக்காவது மருந்து கீது, இஸ்துக்கறோம். அதுங்க பாவம், இன்னா பண்ணும்? அதான் டெய்லி காத்தால கய்வி வுட்டேன்."

அவர் இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் நீல இன்ஹேலரைத் தினமும் பார்க்கிறவள் நான்.

அழுகியதை மட்டும் பிடுங்கிப் போட்டேன். மற்றவை பிழைத்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். ஹோஸைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். பழைய துணி ஒன்றை நனைத்து, ஒட்டப் பிழிந்து அவரிடம் நீட்டினேன்.

"ஊத்தாதீங்கக்கா, தொடச்சாலே போதும். சரி, சாயங்காலம் எத்தினி மணிக்குத் தொட்டிய எறக்கணும்?"

"போடி, கஸ்மாலம்!"

துணியைப் பிடுங்கிக்கொண்டு, மருளின் இலை ஒன்றை அடியிலிருந்து நுனிவரை துடைத்தார். கை நின்றது.

"ஏம்மா, இது எந்தப் பக்கமா மூச்சு வுடும்?"

"ரெண்டு பக்கமும்க்கா."

மறுபக்கத்தையும் துடைக்க ஆரம்பித்தார்.