அகலம் கூடினால் ஆள் இல்லை

கஞ்சிக்கோட்டில் நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் எங்கள் வடகரப்பதியில் பாதிப் பேர் சிரிப்பார்கள். தானாக ஓடும் காருக்கு மனுஷரை அடையாளம் காட்டும் வேலை. காரின் கேமரா எடுத்த சாலைப் படங்கள் கணினியில் வரும். ஆளைச் சுற்றி ஒரு கட்டம், மாட்டைச் சுற்றி ஒரு கட்டம் என்று வரைந்து பெயர் கொடுக்க வேண்டும். யாருக்கு பிரேக் போடுவது என்பதை கார் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளுமாம்.

அந்தக் கேமராவின் லென்ஸ் ஒரே பார்வையில் சாலை முழுவதையும் விழுங்கப் பார்க்கிறது. நடுவில் இருப்பதெல்லாம் ஒழுங்காக விழும். ஓரத்தில் நேரான கரண்டுக் கம்பமும் வில்லாக வளையும். அதை நிமிர்த்துகிறேன் என்று ஒரு மென்பொருள் இழுக்கும். கம்பம் நிமிரும், பக்கத்தில் நிற்கிற ஆள் சப்பாத்தி மாவு மாதிரி அகலமாகிவிடுவார். எங்கள் ஊரில் நடைபாதையா இருக்கிறது? நடக்கிற சனம் எல்லாம் ஓரத்தில்தான்.

போன மாதம் எங்கள் ஊர்ச் சாலையின் படங்களே வந்தன. ஒன்றில், ஓரத்தில், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் சோளத்தட்டுக் கட்டோடு ஒருத்தி. முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். ஆனால் அந்த நீலச் சட்டை என் வீட்டுக்காரருடையது, தோளில் சிவப்பு நூல் போட்டுத் தைத்தவளே நான். வேலைக்குக் கிளம்பும் முன் மாட்டுக்குத் தட்டு அறுத்துக்கொண்டு வருகிற நான்தான் அது. கட்டம் வரைந்து ‘ஆள்’ என்று கொடுத்தேன்.

பிழை என்று திரும்பி வந்தது. உயரத்தைவிட அகலம் கூடினால் ஆள் இல்லை, ‘இதர பொருள்’ என்று போட வேண்டும் என்பது விதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லென்ஸ் கோணலாகப் பார்த்தால் நான் பொருளாகிவிட வேண்டுமா? மேற்பார்வையாளரிடம் போனேன்.

“ஏனுங்க சார், அது நான்தானுங்க. என்னையவே ஆளில்லைன்னு நான் எழுதோணுமுங்களா?”

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சங்கடப்பட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“எனக்குத் தெரியுதுங்க. மிஷினு ஒத்துக்காதுங்க. மாத்திக் குடுத்துருங்க, இல்லாட்டி மொத்தப் படமும் திரும்பி வந்துருமுங்க.”

மாற்ற மாட்டேன் என்றேன். நாளைக்கு அந்தக் கார் எங்கள் சாலையில் வந்தால், ஓரத்தில் கிடக்கிற ஏதோ ஒரு பொருளுக்காக பிரேக் போடுமா என்று உரக்கவே கேட்டேன். சுற்றிலும் மவுஸ் சத்தம் நின்றது. நான் சாப்பிடப் போன நேரத்தில் மேற்பார்வையாளரே தன் கணினியிலிருந்து ‘இதர பொருள்’ என்று மாற்றி அனுப்பிவிட்டார்.

மறுநாள் எல்லோருக்கும் வந்த மின்னஞ்சலில் என்னைப் பாராட்டியிருந்தார்கள். நான் செய்த படங்களில் ஒரு பிழையும் இல்லையாம்.