தகைவிலான் விரட்டியின் மாமனார் வீடு

மெலாத்தி தெருவில் என் கடைக்குச் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கோழி சோத்தோ என்கிற சூப் சாப்பிட வருகிறவர்களுக்குக் கிண்ணத்தோடு ஒரு குடையும் கொடுப்பேன். மழைக்காக இல்லை. அக்டோபர் பிறந்தால் போதும், வடக்கே குளிர் தாங்காத தகைவிலான் குருவிகள் ஆயிரக்கணக்கில் கிளம்பி வந்து எங்கள் மின்கம்பிகளில் வரிசை கட்டி உட்கார்ந்துவிடும். மார்ச் வரை நகராது. அந்தக் கம்பிகளுக்கு நேர் கீழேதான் எங்கள் பதினான்கு தள்ளுவண்டிக் கடைகளும். ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி என்று உட்கார்ந்திருப்பவருக்கு எலுமிச்சையை யார் பிழிவது? நான்தான் பிழிந்துவிடுவேன். பதினெட்டு வருஷமாக இப்படித்தான் வியாபாரம்.

இந்தக் குருவிகளை விரட்டத்தான் கடைக்காரர் சங்கம் துகினோ என்ற இளைஞனை வேலைக்கு வைத்தது. கொல்லக் கூடாது என்பது நிபந்தனை. தகைவிலான் வந்து தங்கினால் அதிர்ஷ்டம் என்று நம்புகிற ஊர் இது. அதிர்ஷ்டம் வேண்டும், எச்சம் வேண்டாம். இந்த லட்சணத்தில் ஒருவன் என்னதான் செய்வான்?

துகினோவுக்கு முப்பத்திரண்டு வயது, ஒல்லி, எதற்கும் மனம் தளராத ஜாதி. முதலில் பிளாஸ்டரில் ஓர் ஆந்தை செய்து கம்பத்தில் கட்டினான். வர்ணம் அடிக்கும்போது கண் இரண்டும் மூக்கைப் பார்க்கிற மாதிரி அமைந்துவிட்டது. குருவிகள் அதன் தலைமேலேயே உட்கார்ந்தன. அடுத்து வல்லூறு வடிவத்தில் பட்டம் விட்டான். அது கம்பியில் சிக்கித் தெருவுக்கே கரண்ட் போனது. குருவிகள் போகவில்லை, வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள்.

"ஏண்டா, இதுக்கு நீ சும்மா இருந்திருக்கலாமே" என்றேன்.

"இல்லக்கா, இதுங்க பயப்படத்தான் செய்யுதுங்க. கொஞ்சம் டைம் எடுத்துக்குதுங்க, அவ்வளவுதான்."

மூன்றாவதாகத்தான் வல்லூறின் கத்தலைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டான். முதல் நாள் வானமே காலி. நான் சந்தோஷத்தில் குடைகளையெல்லாம் துடைத்து மடித்து வைத்தேன். நாலாம் நாள் குருவிகள் ஸ்பீக்கர்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒரே கத்தலைத் திரும்பத் திரும்பப் போட்டால் பழகிவிடும் என்று துகினோ கண்டுபிடித்தான். தினமும் விடிந்ததும் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து பத்து விதமான வல்லூறுக் கத்தலை வெட்டி ஒட்டிப் போட்டுக் கேட்க ஆரம்பித்தான். அங்கேதான் அவனுக்குச் சனி பிடித்தது.

அந்த வீடு அவனுடையதில்லை. மாமனார் விர்யோவுடையது; பெரியவர் என்ற மரியாதைக்கு ஊரே அவரைப் 'பாக்' விர்யோ என்றுதான் கூப்பிடும். அவர் முப்பது வருஷம் ரயில்வே கேட்டைத் திறந்து மூடியவர். நேரம் தவறி அவர் தும்மியதுகூடக் கிடையாது. அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரியம், கூண்டில் வளர்க்கும் சோலைபாடிப் பறவை. இளவரசர்களுக்கு வைக்கிற பட்டத்தைத் தூக்கி அதற்கு 'ராடேன்' என்று பெயர் வைத்திருந்தார். ராடேனுக்குக் காலையில் ஏழு சுவர்க்கோழிப் பூச்சி, ஏழரைக்குக் குளியல், மத்தியானம் தூங்கக் கூண்டுக்குப் பட்டுத்துணி. மகள் ரத்மி ஆறு மாதக் கர்ப்பிணி. "எனக்கு வாந்தி வர்றப்போகூட அப்பா எழுந்திரிக்கல, ராடேன் இருமினா எழுந்திரிக்கிறாரு" என்று என்னிடம் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறாள்.

சோலைபாடி எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதோ அதைப் பாடும். பாட்டுப் போட்டிக்குத் தயார் செய்கிறவர்கள் கூண்டுக்குப் பக்கத்தில் கேனரி, மைனா என்று நல்ல குரல்களாகப் போட்டுக் கேட்க வைப்பதே அதற்குத்தான். எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. பறவைகளோடேயே பிழைக்கிற துகினோவுக்குத் தோன்றவில்லை.

மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு காலையில் ராடேன் கேனரி மாதிரி உருகிப் பாடியது, மைனா மாதிரி விசிலடித்தது, பிறகு கழுத்தை நீட்டி வல்லூறு மாதிரி ஒரு கத்து கத்தியது. பக்கத்து வீட்டுக் கோழிகள் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தன. பாக் விர்யோ கையிலிருந்த தேநீர் வேட்டியில் கொட்டியது.

"எவன் குடுத்த குரல்டா இது?"

"மாமா... அது வந்து... நல்லா உச்சஸ்தாயில பிடிக்குது, இல்லையா?"

"ஆறு வருஷம்டா! ஆறு வருஷமா ஒரு கெட்ட சத்தம் அதோட காதுல விழாம பார்த்துக்கிட்டேன். ராடேன் பழையபடி பாடுற வரைக்கும் இந்தக் கேட்டைத் தாண்டி நீ உள்ள கால் வைக்கக் கூடாது."

கேட் மூடுவதில் முப்பது வருஷ அனுபவம் உள்ள மனுஷன். மூடிவிட்டார். துகினோ ஒரு தலையணையோடு என் கடைக்கு வந்து சேர்ந்தான். திட்டித் தீர்த்துவிட்டு, பெஞ்சு இரண்டைச் சேர்த்துப் போட்டுக் கொடுத்தேன். அவனுக்கு வேறு கவலை எதுவும் இல்லை. "குழந்தை பொறக்கிறப்போ நான் கேட்டுக்கு வெளியில நிப்பேனாக்கா?" என்று மட்டும் கேட்டான். நான் இஞ்சி நறுக்க உட்கார்ந்தேன்.

கெட்ட குரலை நல்ல குரலால்தான் அழிக்க முடியும் என்று தினமும் காலையில் மாமனார் வீட்டுப் பின்சுவருக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, கேனரி மாதிரி வாயாலேயே விசிலடித்தான். ரத்மி சுவருக்கு மேலே சோற்றுப் பொட்டலத்தை நீட்டுவாள். ராடேன் அவன் விசிலைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் வல்லூறாகக் கத்தும்.

போட்டியன்று மைதானத்தில் இருபத்து நான்கு கூண்டுகள் தொங்கின. கயிற்றுக்கு வெளியே சொந்தக்காரர்கள் தங்கள் பறவையின் பெயரைத் தொண்டை கிழியக் கத்தினார்கள். பறவைகளும் பாடின. நடுவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூண்டு கூண்டாக நடந்தார்கள். ராடேன் கேனரியில் தொடங்கி மைனாவுக்கு வந்தது. பாக் விர்யோ கண்ணை மூடிக் கும்பிட்டார். வந்தது வல்லூறு.

இருபத்து மூன்று பறவைகளும் பாட்டை நிறுத்தின. ஒன்று தண்ணீர்க் கிண்ணத்தில் தலையைவிட்டு ஒளிந்தது. மைதானத்தில் சத்தமே இல்லை, ராடேன் மட்டும் நிம்மதியாகத் தொடர்ந்து பாடிக்கொண்டிருந்தது. நடுவர்கள் ஒரு மணி நேரம் கூடிப் பேசினார்கள். ராடேன்தான் நன்றாகப் பாடியது, அதில் சந்தேகமில்லை, ஆனால் மற்ற எதுவும் பாடாததால் இங்கே போட்டி என்று ஒன்று நடக்கவே இல்லை என்பது தீர்ப்பு. அதற்காகச் சும்மா அனுப்புவானேன் என்று ராடேனுக்கு வருகைச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

இதுவரை என் கடைப் பக்கம் எட்டிப் பார்க்காத பாக் விர்யோ அன்றைக்குப் பசி தாங்காமல் வந்து உட்கார்ந்தார். கூண்டு மடியில், சான்றிதழ் கையில். துகினோ அவரைப் பார்த்ததும் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் பதுங்கிவிட்டான். மணி ஐந்தே முக்கால். நான் குடையை நீட்டுவதற்குள் சான்றிதழில், ராடேனின் பெயர் மேலேயே, பொத்தென்று விழுந்தது. அதைத் துடைக்கப் பாக் விர்யோ கூண்டின் பட்டுத்துணியை உருவினார். ராடேன் அண்ணாந்து பார்த்தது. கத்தியது.

தெருவே ஒரு முறை இருண்டது. அத்தனை ஆயிரமும் ஒன்றாக எழும்பிப் போயின. கம்பி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாளும் கூண்டோடு வரச்சொல்லிப் பார்த்தோம், அதேதான் நடந்தது. ஸ்பீக்கருக்குப் பழகுகிற குருவி ராடேனுக்குப் பழகவில்லை. அது எப்போது கத்தும், எப்படிக் கத்தும் என்று அதற்கே தெரியாது. சங்கத் தலைவர் ஜுமாடி, கெளுத்தி பொரிக்கிற கரண்டியோடேயே ஓடி வந்தார்.

"பாக், உங்க ராடேனை தினம் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் எங்களுக்குத் தரணும்."

"நான் தெருவுல கூண்டை வெச்சுக்கிட்டு உட்காரணுமா? கண்டவன் கையிலயும் குடுக்க மாட்டேன்."

"கண்டவன் எதுக்கு? மாப்பிள்ளை இருக்காரே" என்று நான் சிலிண்டரைக் காட்டினேன்.

பாக் விர்யோ சிலிண்டரை எட்டிப் பார்த்தார். "அஞ்சு மணிக்குக் கேட்டுல வாங்கிக்கணும். ஏழு மணிக்குக் கேட்டுல ஒப்படைக்கணும். உள்ள கிடையாது" என்றார்.

சங்கம் கம்பத்தில் பலகை மாட்டியது: 'பறவை விரட்டுநர்: ராடேன். உதவியாளர்: துகினோ.' அவன் சம்பாதித்த பெயரைப் பறவை எடுத்துக்கொண்டது. அவனோ அதற்கும் சிரித்தான். என் குடைகள் மூலையில் தூசி படிந்தன. ஊரே சந்தோஷமாக இருக்க, இவன் மட்டும் தினமும் கூண்டைக் கேட்டில் கொடுத்துவிட்டு, கம்பி வழியாக ரத்மியைப் பார்த்துவிட்டு, என் பெஞ்சுக்குத் திரும்பி வருவான்.

பத்தாம் நாள் நானே ரத்மிக்குச் சோத்தோ எடுத்துக்கொண்டு அவனோடு போனேன். சந்து திரும்பியதும் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். மெலாத்தி தெருவிலிருந்து கிளம்பிய குருவிகளெல்லாம் அன்றைக்குப் பாக் விர்யோ வீட்டுக் கூரையிலும் கம்பியிலும் வந்து இறங்கியிருந்தன. வல்லூறு ஊருக்குள் வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் அதன் வீட்டு வாசலைவிடப் பாதுகாப்பான இடம் வேறு ஏது?

கேட்டுக்கு உள்ளே பாக் விர்யோ குடை பிடித்து நின்றிருந்தார். முற்றம், காய்ந்த துணி, அவருடைய நாற்காலி, எல்லாம் வெள்ளை.

"எல்லாம் உன்னாலதான்" என்றார்.

"ஆமா மாமா."

"இதுங்களை விரட்டத் தெரியுமா தெரியாதா உனக்கு?"

"தெரியும் மாமா. கொஞ்சம் டைம் எடுத்துக்கும்."

"எவ்வளவு?"

துகினோ விரல் விட்டு எண்ணினான். "மார்ச்சுக்குள்ள போயிடும்."

மார்ச்சில் அவை தாமாகவே போய்விடும் என்பது பாக் விர்யோவுக்குத் தெரியாததா? குழந்தை பிப்ரவரியில் என்பதும் தெரியும். உள்ளே வாசற்படியில் ரத்மி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவர் பட்டுத்துணி மூடிய கூண்டைப் பார்த்தார்.

"பழையபடி பாடுறானா?"

"இல்ல மாமா."

"சரி. விரட்டுறவன் பக்கத்துலயே இருந்தாத்தானே விரட்ட முடியும்?"

கேட்டை முழுசாகத் திறந்தார். குடை சின்னது. முதலில் கூண்டுக்குமேல் பிடித்தார், பிறகு கொஞ்சம் நகர்த்தித் துகினோவின் தலைக்குமேலும் பிடித்தார். அவருடைய கறுப்புத் தொப்பியில் ஒன்று விழுந்தது. துடைக்கவில்லை. கூண்டும் மாப்பிள்ளையும் கடந்து உள்ளே போகும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.